பிடியரிசியும் நன்றியறிதலும்: தமிழ், தெலுங்கு நிலத் திருச்சபைகளின் கொடை மரபு

சென்னையிலிருந்து வடமேற்கே சென்று ரேணிகுண்டா, கடப்பை, குண்டக்கல் வழியாக இராய்ச்சூரை அடையும் இருப்புப்பாதை 1871இல் முழுமை பெற்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின் தாது ஆண்டுப் பஞ்சம் தொடங்கியபோது சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டைகள் இப்பாதை வழியாகவே கடப்பை, பல்லாரி மாவட்டங்களுக்குச் சென்றன. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். அரிசி எங்கிருந்து வருகிறது, யார் கையால் வருகிறது, அதைப் பெறுபவன் கொடுத்தவனுக்கு என்ன கடன்படுகிறான் என்னும் வினாக்கள் அன்று ஏட்டு வினாக்களாக இருக்கவில்லை.

அப்பஞ்சத்தையொட்டித் தமிழ், தெலுங்கு நிலங்களில் கிறித்தவத்தைத் தழுவியோர் தொகை பெருகியது. திருநெல்வேலியில் பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்தனர். ஓங்கோல் அருகே குண்டலகம்மா ஆற்றங்கரையில் 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே பகலில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். இவ்வாறு சேர்ந்தோரைச் 'சோற்றுக்காகச் சேர்ந்தவர்' என்று இகழும் வழக்கு அக்காலத்திலேயே வலுப்பெற்றது. 'அரிசிக் கிறித்தவர்' என்னும் ஆங்கில வழிச் சொல்லாட்சி அறிஞர் நூல்களிலும் இடம்பெற்றது. இந்த இகழுரைக்கு அச்சபைகளின் அன்றாட நடைமுறை என்ன விடை தருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இறையியல் வாதங்களை இது கருதவில்லை. அடுப்படியில் எடுத்துவைக்கப்பட்ட ஒரு பிடி அரிசியையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

நோக்கம் பற்றிய வழக்கு

ஓங்கோலில் பணியாற்றிய அமெரிக்கத் திருமுழுக்குச் சபையைச் சேர்ந்த ஜான் கிளவ் பஞ்ச காலத்தில் மேற்கொண்ட நடவடிக்கை இங்குக் குறிப்பிடத்தக்கது. பட்டினியால் வாடியோர்க்கு வெறுங்கொடையாக எதையும் வழங்குவதினும் வேலை கொடுத்துக் கூலி வழங்குவதே தக்கது எனக் கருதிய அவர், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து பெற்றார். அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை மைல். நிவாரணப் பணி நடந்த காலம் முழுவதும் எவருக்கும் திருமுழுக்கு வழங்குவதை அவர் நிறுத்திவைத்தார். உணவுக்காகவே மதம் மாறினர் என்னும் பழி எழக்கூடாது என்பதே காரணம். பணி முடிந்து, கூலியும் நின்ற பின்னரே மேற்கூறிய பெருந்திரள் திருமுழுக்கு நிகழ்ந்தது. எனினும் பழி நிற்கவில்லை.

திருநெல்வேலியில் கால்டுவெல் இச்சிக்கலை வேறு வகையில் அணுகினார். சபையில் சேர்வோரின் நோக்கங்கள் கலப்பானவை என்பதை அவர் மறைத்தவரல்லர். பாதுகாப்பு, கல்வி, ஒடுக்குமுறையிலிருந்து விடுதலை ஆகியவற்றை நாடி வருவோரையும் ஏற்றுக் கற்பிக்கலாம் என்பதே அவர் நிலைப்பாடு. ஒருவன் எதற்காக நுழைந்தான் என்பதை நுழையும் நாளில் அளந்தறிய இயலாது. ஆயினும் நுழைந்தபின் அவன் கை என்ன செய்தது என்பதற்குத் தடயம் இருக்கும். வரலாற்று ஆய்வாளனுக்குப் பயன்படுவது இந்த இரண்டாவது சான்றே.

நன்றி என்னும் சொல்

பழந்தமிழில் 'நன்றி' என்பது நன்மை, உதவி என்னும் பொருளுடையது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'செய்ந்நன்றியறிதல்' என்பதிலும் நன்றி என்பது பிறர் செய்த உதவியையே குறிக்கிறது. அதை அறிதலே பெற்றவனின் கடமை. வாயால் 'நன்றி' என்று கூறி முடித்துக்கொள்ளும் இன்றைய வழக்கு மிகப் பிற்பட்டது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் கடவுளுக்கு நன்றி கூறுதலைச் சுட்டப் பல இடங்களில் 'ஸ்தோத்திரம்' என்னும் புகழ்ச்சிப் பொருள் கொண்ட வடசொல்லைக் கையாண்டனர். வேறு இடங்களில் 'நன்றியறிதல்' என்பதையும் ஆண்டனர். இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி சிறிதன்று. தோத்திரம் நாவோடு முடியலாம். அறிந்த நன்றியோ பெற்றவனைக் கடனாளியாக்குகிறது.

மனிதர் செய்த உதவியாயின் கைம்மாறு செய்யலாம். கடவுளுக்குக் கைம்மாறு யாது? ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு கைம்மாறு கருதாக் கடப்பாட்டைப் பேசுகிறார். தமிழ்க் கிறித்தவச் சபைகளின் கொடை மரபில் இக்கருத்து ஒரு திருப்பம் பெற்றது எனலாம். மேலே செலுத்த இயலாத கடன் பக்கத்து வீட்டாருக்கும் அடுத்த ஊராருக்கும் முகமறியாத வேற்றுமொழியினருக்கும் செலுத்தத்தக்கதாக மாறியது.

நெல்லையின் சங்கங்கள்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் தமிழிலக்கணம் எழுதியவராகவும் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவராகவும் தமிழறிஞரிடையே அறியப்பட்டவர். அவர் 1830இல் தோற்றுவித்த 'தரும சங்கம்' அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. புதிதாகச் சபையில் சேர்ந்தோர் நிலவுடைமையாளரால் துரத்தப்பட்டபோது அவர்கள் குடியேறுவதற்கு நிலம் வாங்கித் தருவது அச்சங்கத்தின் வேலை. இதற்கு முன்னோடியாக 1799இலேயே துரத்தப்பட்டோர்க்கென முதலூர் உருவாகியிருந்தது. தரும சங்கத்திற்கு உள்ளூர்ச் சபையாரும் பங்களித்தனர் என்பதே நாம் கருதவேண்டிய செய்தி. தனக்கு வீட்டுமனை கிடைத்தவன், இன்னும் கிடைக்காதவனுக்காகக் காசு கொடுத்தான். ஆதரவற்ற விதவையர்க்கான நிதியும் இதே காலச் சூழலில் உருவானது.

இக்குடியிருப்புகளின் பெயர்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். டோனாவூர் செருமானியக் கோமகன் தோனாவின் பெயரையும், சாயர்புரம் சாயர் என்பவரின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. வேலூரில் 1902இல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை நியூயார்க் வங்கியாளர் ஒருவரின் மறைந்த மனைவியின் பெயரால் அமைந்தது. ஐடா ஸ்கடரின் பணி ஓங்க அக்கொடை பேருதவியாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் பெருங்கொடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, பிடியரிசிக்கு இல்லை. ஆகவே திருச்சபை வரலாறுகள் பெரும்பாலும் பெயர்ப்பலகைகளைப் பின்பற்றியே எழுதப்பட்டுள்ளன. கொடுப்பவர் வெளிநாட்டார், பெறுபவர் உள்நாட்டார் என்னும் தோற்றம் இதனாலேயே நிலைபெற்றது.

பிடியரிசி முறை எளியது. உலைக்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து, களைவதற்கு முன், ஒரு பிடியை இல்லத்தரசி தனிக் கலயத்தில் இடுவாள். வாரக் கடைசியில் சேர்ந்தது கோவிலுக்குச் செல்லும். அங்கு அது ஒன்றுதிரட்டி விற்கப்படும் அல்லது ஏலம் விடப்படும். இம்முறையில் மூன்று செய்திகள் நுணுகி நோக்கத்தக்கவை. அளந்த பின் எடுப்பதால் அந்தப் பிடி வீட்டாரின் வயிற்றிலிருந்து குறைகிறது, மிச்சத்திலிருந்து கொடுப்பதன்று. காசு ஆடவர் கையில் இருந்த காலத்தில் படி பெண்ணின் கையில் இருந்தது. ஆதலால் சபையின் நிதியில் அவள் தன் விருப்பப்படி பங்குகொள்ள இருந்த வாயில் இதுவே. மேலும் இது நாள்தோறும் நிகழ்வது. பண்டிகைக் காணிக்கை ஆண்டுக்கொருமுறை நினைவூட்டும்; உலை நாளும் கொதிக்கும்.

நெல்லையின் தென்கிழக்குத் தேரிப் பகுதியில் நெற்சோறு அன்றாட உணவன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பனையை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் அரிசி அரிய பொருள். அரிசி வாய்க்காத இடத்தில் தானியமும் கருப்பட்டியும் கோழியும் முட்டையும் காணிக்கையாயின. அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாகக் கொண்டுவரப்பட்ட வாழைக்குலையும் பூசணியும் ஏலத்தில் சந்தை விலையைக் காட்டிலும் கூடுதலாகப் போவதை இன்றும் அங்குக் காணலாம். ஏலம் எடுப்பவனும் கொடையாளியாகி விடுகிறான்.

இவ்வழக்கம் முற்றிலும் மேனாட்டு இறக்குமதியா என்னும் ஐயம் எழலாம். அவ்வாறு கொள்வதற்கில்லை. இராமநாதபுரம் பகுதி வணிக நகரங்களில் நாடார் உறவின்முறைகள் திரட்டிய 'மகமை' என்னும் பொதுநிதி மரபு பலரும் அறிந்தது. கோவில்களுக்கும் மடங்களுக்கும் அரிசி ஒதுக்கும் வழக்கமும் தமிழ் இல்லங்களுக்குப் புதிதன்று. சபைகள் புதிதாகச் செய்தது அதன் பயனாளியை மாற்றியதே. மகமை தன் உறவின்முறைக்குத் திரும்பியது. பிடியரிசி தன் ஊரையும் தன் குலத்தையும் கடந்து செல்லவேண்டும் என்று கற்பிக்கப்பட்டது. கற்பிக்கப்பட்ட அளவுக்குக் கடந்ததா என்பது வேறு வினா. ஒரே வரிசையில் அமர்ந்துண்ணும் 'அசனம்' சாதியை எங்கெங்கு வென்றது, எங்கெங்கு தோற்றது என்பதற்குத் தனி ஆய்வே தேவைப்படும்.

வாங்க மறுத்தவர்கள்

நன்றியைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை (1823–1918). நாசரேத் பகுதி மிஷன் தலைமையோடு முரண்பட்டு, சாணார் பற்றிக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலின் இழிவுரைகளாலும் புண்பட்டு, 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபையொன்றைக் கண்டவர் அவர். ஏக இரட்சகர் சபை, இந்துக் கிறித்தவச் சபை என்றெல்லாம் அது அழைக்கப்பட்டது. மேனாட்டு உதவியை ஏற்பதில்லை என்பது அதன் அடிப்படை நெறி. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு முறைப்படி முதற்பலன்களைப் படைத்தல், தரையில் அமர்ந்து வழிபடுதல், சனிக்கிழமை ஓய்வுநாள் ஆகியன அதன் வழக்கங்கள்.

மிஷன் வரலாற்றாசிரியர்கள் இதனைப் பிளவு என்றும் நன்றிகேடு என்றும் கருதினர். இது மீள்பார்வைக்குரியது. உதவி செய்தவர் அவ்வுதவியை முன்னிட்டுப் பெற்றவனைப் பற்றித் தாழ்வாக எழுதும் உரிமையையும் சேர்த்துப் பெறுகிறாரா என்பதே சட்டாம்பிள்ளை எழுப்பிய வினாவின் உட்பொருள். கடவுளுக்கு நன்றி செலுத்துவதையும் மிஷனுக்குக் கடன்பட்டிருப்பதையும் அவர் பிரித்தார். முதற்பலனைப் படைத்த அதே கை மேனாட்டுப் பணத்தை மறுத்தது. சபை சிறிதாகவே நின்றதால் அவ்வினாவின் கூர்மை மழுங்கிவிடவில்லை. மேனாட்டுச் சங்கத்தின் செயலராயிருந்த ஹென்றி வென் உள்நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே தாங்கவும் ஆளவும் பரப்பவும் வேண்டும் என்று இலண்டனிலிருந்து எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரகாசபுரத்தார் அதைக் கேளாமலேயே செய்துகாட்டினர்.

தொண்டியும் தோர்ணக்கல்லும்

திருநெல்வேலி மாவட்டம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இளைஞர் கிறித்தவ சங்கச் செயலராக 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். யாழ்ப்பாணத் தமிழ் மாணவர்கள் தம் சிறுசேமிப்பைக் கொண்டு கடல் கடந்து தமிழகத் தொண்டியில் ஊழியம் ஒன்றைத் தாங்கி வந்ததை அங்கு அறிந்தார். யாழ்ப்பாணத்தார் நமக்கு அனுப்ப, நூறாண்டுப் பழமையுடைய நெல்லைச் சபை எவருக்கும் எதையும் அனுப்பவில்லை என்பது அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கோட்பாடு. தேர்ந்தெடுத்த களம் நிசாம் ஆட்சிப்பகுதியின் தோர்ணக்கல். இன்றைய தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது.

தெலுங்கு நிலம் நெல்லைத் தமிழருக்கு வேற்று நாடு. மொழி, உணவு, உடை யாவும் வேறு. 1909இல் அசரியா தாமே அங்குச் சென்று தெலுங்கு பயின்று மக்களோடு வாழத் தொடங்கினார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. 1910இல் எடின்பரோ உலக மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, மேனாட்டு ஊழியர் இந்தியருக்குச் செய்த தியாகங்களை நன்றியுடன் ஏற்று, அவர்கள் தர மறந்தது நட்பு என்று சுட்டிக்காட்டியது. சட்டாம்பிள்ளை உடைத்துச் சொன்னதை அசரியா உள்ளிருந்தே பணிவாகச் சொன்னார் என்று கொள்ளலாம். அரங்கில் இருந்தோர் சிலருக்கு அந்தப் பணிவும் பொறுக்கவில்லை.

தோர்ணக்கல் பேராயத்தில் சேர்ந்தோரில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள். அசரியாவின் காலத்திலேயே கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் சிற்றூர்களின் நான்கு பேய்கள் என்று அவர் கண்டித்தார். ஞாயிறு வழிபாட்டில் சொன்ன நம்பிக்கை, திங்கட்கிழமை கிணற்றடியிலும் கள்ளுக்கடை வாயிலிலும் தென்படவேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. இத்தகைய மக்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று கேட்டோர் பலர். கேட்காமலிருப்பதே அவர்களை இழிவுபடுத்துவது என்பது அசரியாவின் துணிபு. கொடுக்க ஏதுமில்லாதவன் என ஒருவனை முடிவுகட்டுவது, அவன் என்றும் ஏந்திய கையனாகவே இருக்கட்டும் என விதிப்பதாகும். 1939இல் வெளிவந்த கிறித்தவக் கொடை பற்றிய அவரது நூல் இந்த நிலைப்பாட்டின் விரிவே.

நெல்லையின் பிடியரிசி இங்கு 'பிடிகெடு பிய்யம்' ஆயிற்று. பெண்களிடையே பணியாற்றிய அவர் துணைவியார் அன்பு மரியம்மாளையும் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். அடுப்படி வழக்கம் ஒன்று ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்வது மேடைப் பேச்சால் மட்டும் நடப்பதன்று. நெல்லைப் பெண்ணின் கலயத்து அரிசி காசாகித் தெலுங்குச் சிற்றூர் ஆசிரியரைத் தாங்கியது. பின்னர் அச்சிற்றூர்ப் பெண்ணும் தன் ஊர் ஆசிரியருக்காகக் கலயம் வைத்தாள். 1939 ஜனவரி 6இல் திருநிலைப்படுத்தப்பட்ட தோர்ணக்கல் பேராலயம், இந்து இசுலாமியக் கட்டடக்கலைக் கூறுகளைத் தழுவி எழுந்தது. அதைக் கட்டி முடிக்கப் பல்லாண்டுகள் பிடித்தன.

1936, 1937ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் ஒடுக்கப்பட்டோரின் மதமாற்றத்தை 'ஹரிஜன்' இதழில் கடுமையாக எதிர்த்தபோது, அவர்தம் ஆன்மிகத் தெளிவு பற்றிய ஐயமே அவ்வெதிர்ப்பின் உள்ளீடாக இருந்தது. அசரியா இதனை மறுத்தார். இரு பெரியோரின் வாதங்களும் வரலாற்றாசிரியர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. ஆயின் தம்மைப் பற்றி இவ்வளவு பேசப்பட்ட அக்கூலிப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அவ்வாதங்களில் சான்றில்லை. அவள் எழுதத் தெரியாதவள். அவள் செயல் மட்டும் கணக்கேட்டில் ஒரு வரியாகப் பதிந்தது.

கணக்கேடு என்னும் மூலம்

இம்மரபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. விருப்பக் காணிக்கை காலப்போக்கில் சந்தாவாக இறுகியது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பல பேராயங்களில் சங்கக் காணிக்கை செலுத்தியிருப்பது சபைத் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியாக உள்ளது. நன்றியாகத் தொடங்கியது வரியாக முடியும் இந்நிலை சமய நிறுவனங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. மகமையும் இதற்கு விலக்கன்று. பிடியரிசிக் கலயமும் பல ஊர்களில் காகித உறைக்கு இடம்விட்டது. உறையில் கொடுப்பவர் பெயர் எழுதப்படுகிறது. கலயத்து அரிசி ஒன்றோடொன்று கலந்தபின் யார் பிடி எது என்று சொல்ல முடியாதிருந்தது.

சபைக் கணக்கேடுகளும் சங்க அறிக்கைகளும் தமிழ் ஆய்வாளரால் இன்னும் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. பனையோலையிலும் பின்னர்த் தாளிலும் உபதேசியார்கள் எழுதிய இவ்வகைப் பதிவுகள் சமூக வரலாற்றுக்கு மட்டுமன்றிச் சொல்லாய்வுக்கும் உதவும். காணிக்கை, தசமபாகம், முதற்பலன், தோத்திரக் காணிக்கை, அசனச் செலவு, பிடியரிசி என வரும் தலைப்புகளில் எது எப்போது நுழைந்தது, எது எதை விலக்கியது என்பதைக் கொண்டு ஒரு சபை நன்றியை எவ்வாறு புரிந்துகொண்டது என்பதைப் படிப்படியாக அறிய இயலும்.

இவ்வாய்வுக்குச் சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா வட்டாரம் மிகப் பொருத்தமான களம். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷன் வேலூரின் தமிழரிடையேயும் சித்தூர், மதனப்பள்ளிப் பகுதித் தெலுங்கரிடையேயும் ஒருங்கே பணியாற்றியது. சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டில் இருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை மீண்டும் மாறியது. ஆட்சி எல்லை மாறினும் ஒரே குடும்பத்தில் இருமொழியும் வழங்குவது இங்கு இயல்பு. தமிழில் அறுப்பின் பண்டிகை, தெலுங்கில் 'கோதகாலபு பண்டுக'. இங்குக் காணிக்கை, அங்குக் 'கானுக'. இவ்விணைகளுள் எவை மொழிபெயர்ப்பால் வந்தவை, எவை இருமொழிக்கும் முன்பே பொதுவாக இருந்தவை என்பதை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுக்கவேண்டும். கலயம் வைத்த தலைமுறையின் கடைசிப் பெண்கள் முதுமையில் இருக்கிறார்கள். தொகுப்புப் பணியை அவர்களிடமிருந்தே தொடங்குதல் நன்று.